கராவோக்கே டிராக்கும் உறுமி மேளமும்: சுங்கை சிப்புட்டில் கவர் பாடுவது பற்றி

“பதிப்புரிமையை மீறும் நோக்கம் எங்களுக்கு இல்லை. எல்லாப் புகழும் இசையமைப்பாளருக்கே.” எங்கள் ஊர்ப் பிள்ளைகள் யூடியூபில் ஏற்றுகிற கவர் பாட்டு, அதாவது ஏற்கெனவே வெளிவந்த பாட்டைத் தாங்களே மறுபடி பாடினது, எதைத் திறந்தாலும் கீழே இந்த இரண்டு வரி தவறாமல் இருக்கும். ஒருத்தர் பக்கத்திலிருந்து இன்னொருத்தர் எடுத்துப் போட்டுப் போட்டு, எழுத்துப் பிழைகூட மாறாமல் வரும். கையில் தாயத்து கட்டிக்கொள்வதைப் போலத்தான். தாயத்தாவது கட்டினவனுக்குக் கொஞ்சம் தைரியம் கொடுக்கும். இந்த வரி எந்தப் பேயையும் ஓட்டி நான் பார்த்ததில்லை. நன்றி சொல்வது மரியாதை, நல்லதுதான், சொல்லட்டும். அனுமதி வாங்குவது வேறு வேலை.

நான் இருப்பது மலேசியாவில், சுங்கை சிப்புட்டில். ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் நடுவில் இருக்கிற தோட்டத்து டவுன். வெளியூர்க்காரர்களுக்கு இந்த ஊரை இரண்டு காரணங்களுக்காகத் தெரியும். 1948 ஜூனில் இங்கே தோட்டத் துரைமார் சுட்டுக்கொல்லப்பட்ட பிறகுதான் நாட்டில் அவசரகாலம் வந்தது. இன்னொன்று, மலேசிய இந்தியர் தலைவராக இருந்த துன் சம்பந்தன் ஊர். என்னைக் கேட்டால் மூன்றாவதாக ஒன்று சொல்வேன்: இங்கே பாடத் தெரிந்தவர்களும் பாடுவார்கள், தெரியாதவர்களும் பாடுவார்கள். ரப்பர்ப் பால் மரங்கள் இருந்த இடங்களில் பல எண்ணெய்ச் செம்பனையாகிவிட்டன. தோட்டத்து லயத்தில் இருந்தவர்கள் தாமான் எனப்படும் குடியிருப்பு வீடுகளுக்கு மாறிவிட்டார்கள். மாறாதது கோயில் திருவிழாவும் கல்யாண மண்டபமும், அங்கே தயாராக நிற்கிற கராவோக்கே பெட்டியும்தான்.

டவுனில் ஒரு கடைவீட்டு மாடியில் சின்னதாக ரெக்கார்டிங் அறை வைத்திருக்கிறேன். கீழே சீனர் ஒருவரின் மோட்டார் பட்டறை. அவர் எக்சாஸ்ட் சோதிக்கும்போது நாங்கள் டேக்கை நிறுத்திவிடுவோம், அவரும் சில நேரம் மேலே எட்டிப் பார்த்து, “பாட்டு ஆச்சா?” என்று மலாயில் கேட்டுவிட்டுத்தான் முறுக்குவார். இந்த அறைக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கவர் பாட வருகிறவர்கள். அதனால் பதிப்புரிமை என்ற சங்கதியை நான் சட்டப் புத்தகத்தில் படிக்கத் தொடங்கவில்லை. வருகிறவர்களின் கைப்பேசியில் வந்து விழுந்த அறிவிப்புகளில் படித்தேன். சட்டத்தைத் தேடிப் போனதெல்லாம் அதற்குப் பிறகு.

செம்பனை ஆலையில் கிராணியாக வேலை பார்க்கிற தங்கச்சி ஒருத்தி. நல்ல குரல், சுருதி விலகாது. ஒரு பழைய மெலடியின் கராவோக்கே டிராக்கைக் கைப்பேசியில் கொண்டுவந்தாள். “இது சும்மா இறக்குனது இல்லண்ணே, காசு குடுத்து வாங்குனது” என்றாள். பாடினாள், நான் கலந்து கொடுத்தேன், வீட்டுக்குப் போய் ஏற்றினாள். ஏற்றி முடிவதற்குள் ‘உரிமை கோரல்’, அதாவது இது எங்கள் சொத்து என்று உரிமையாளர் பெயரில் யூடியூப் அனுப்புகிற அறிவிப்பு, வந்துவிட்டது. பாடியது இவள், எடுத்தது எங்கள் அறையில், பிறகு எப்படி? மறுநாள் அந்த டிராக்கை மட்டும் தனியாகப் போட்டு, ஹெட்போனில் சத்தத்தை ஏற்றிக் கேட்டோம். சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்புகிற இடத்தில், வயலின்களுக்குப் பின்னால், மூலப் பாட்டின் கோரஸ் மெலிசாகக் கசிந்துகொண்டிருந்தது. யாரோ மென்பொருளை வைத்து மூலப் பாட்டிலிருந்து பாடகியின் குரலை மட்டும் வழித்து எடுத்துவிட்டு, மிச்சத்தை ‘கராவோக்கே’ என்று விற்றிருக்கிறார்கள். அதாவது அவள் அந்த மூலப் பதிவின் மேலேயே ஏறி நின்று பாடியிருக்கிறாள். யூடியூபின் இயந்திரம் கண்டுபிடித்தது அதைத்தான்.

இங்கேதான் பெரும்பாலானவர்களுக்குக் குழப்பம். சினிமாப் பாட்டு ஒன்று என்றால் சொத்து ஒன்று என்று நினைக்கிறோம். குறைந்தது மூன்று இருக்கிறது. கவிஞர் எழுதிய வரிகள் ஒன்று. இசையமைப்பாளர் போட்ட மெட்டு இன்னொன்று. அன்றைக்கு அந்த ஸ்டூடியோவில் அந்தப் பாடகரும் அந்த வாத்தியக்காரர்களும் சேர்ந்து பதிவு செய்த ஒலி மூன்றாவது. மூன்றுக்கும் சொந்தக்காரர் ஒருவராகவும் இருக்கலாம், மூன்று பேராகவும் இருக்கலாம். தமிழ்ச் சினிமாவில் பல பழைய பாட்டுகளுக்கு எல்லாமே தயாரிப்பாளர் வழியாக இசை நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டது. நீங்களே வாத்தியம் வாசித்துப் பாடினால் மூன்றாவதைத் தொடவில்லை. வரியும் மெட்டும் மட்டும்தான் கணக்கில் வரும். அடுத்தவர் டிராக்கில் பாடினால் மூன்றையும் தொட்டாயிற்று. டிராக் விற்கிற கடையும் பெரும்பாலும் வீட்டில் பாடத்தான் விற்கிறது. இணையத்தில் ஏற்றுகிற உரிமை அதோடு சேர்ந்து வருவதில்லை.

அந்தப் பாட்டை நாங்கள் மறுபடி எடுத்தோம். ஒரு கட்டை இறக்கி, கீபோர்டு நான், தபேலாவுக்கு ஈப்போவிலிருந்து ஒரு நண்பர். இடையிசையைப் பாதியாகக் குறைத்தோம். அத்தனை வயலினுக்கு நான் எங்கே போவது? இந்த முறையும் உரிமை கோரல் வந்தது. ஆனால் ஒலிப்பதிவுக்கு இல்லை, பாட்டின் மெட்டுக்கு. வீடியோ நின்றது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், விளம்பரக் காசு உரிமையாளருக்குப் போகும். “அப்ப என் குரலுக்கு ஒன்னும் இல்லியாண்ணே?” என்று கேட்டாள். நியாயமான கேள்வி. புதிதாக எடுத்த ஒலிப்பதிவு நம்முடையது, அவள் பாடியதில் பாடகிக்கு உள்ள உரிமை அவளுடையது. அதை வேறொருவன் எடுத்துத் தன் பக்கத்தில் போட்டால் அவள் கேட்கலாம். மெட்டும் வரியும் நம்முடையது இல்லை, அவ்வளவுதான். யூடியூபின் பார்ட்னர் திட்டத்தில் இருக்கிறவர்களுக்குச் சில கவர் பாட்டுகளில் வருமானத்தைப் பகிர்கிற ஏற்பாடும் உண்டு. ஆனால் விளம்பரப் பங்கு கிடைக்க 1,000 சந்தாதாரர், ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வை என்பது போன்ற வாசலைத் தாண்ட வேண்டும். எங்கள் ஊரில் தாண்டியவர்கள் குறைவு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ராத்திரி பதினொரு மணிக்கு இதற்காகத்தான் எனக்கு அழைப்பு வருகிறது. உரிமை கோரல் வேறு, ஸ்ட்ரைக் வேறு. முதலாவது, யூடியூப் 2007இல் கொண்டுவந்த கன்டென்ட் ஐடி என்ற பொருத்திப் பார்க்கும் இயந்திரத்தின் வேலை. உரிமையாளர் மூன்றில் ஒன்றைத் தேர்ந்து வைத்திருப்பார்: தடுப்பது, விளம்பரக் காசை எடுத்துக்கொள்வது, சும்மா கணக்குப் பார்ப்பது. அதனால் சேனலுக்குக் கெட்ட பெயர் ஏறாது. ஸ்ட்ரைக் என்பது சட்டப்படி நீக்கச் சொல்லி வருகிற கடிதம். 90 நாளுக்குள் மூன்று வந்தால் சேனலே போய்விடும். உரிமை கோரல் வந்ததும் பதறி, “இது நியாயமான பயன்பாடு” என்று பொத்தானை அழுத்தி வம்பை வாங்காதீர்கள். மறுப்புக்குப் பதில் சொல்ல உரிமையாளருக்கு 30 நாள் இருக்கிறது. அவர் நினைத்தால் கோரலை ஸ்ட்ரைக்காக மாற்றலாம். உங்கள் சொந்த மெட்டை யாரோ தவறாகக் கோரினால் மறுங்கள், தாராளமாக. அடுத்தவர் மெட்டைப் பாடிவிட்டு மறுப்பதில் பொருளில்லை.

“அமெரிக்காவில் கவர் பாட அனுமதியே கேட்க வேண்டாமாமே” என்று ஒரு தம்பி வாதாடுவான். பாதி உண்மை. அதற்குப் பின்னால் ஒரு பியானோ இருக்கிறது. துளை போட்ட காகிதச் சுருளை மாட்டினால் தானே வாசிக்கிற பியானோ. அந்தச் சுருள் மெட்டின் நகல் இல்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1908இல் தீர்ப்புச் சொன்னது. பாட்டு எழுதினவர்கள் வயிறு எரிந்தார்கள். 1909இல் புதுச் சட்டம் வந்தது: சுருளுக்கும் உரிமை உண்டு; ஆனால் ஒரு பெரிய கம்பெனியே எல்லாப் பாட்டையும் வளைத்துப்போட்டுவிடக் கூடாது என்பதற்காக, ஒருமுறை உரிமையாளர் அனுமதியோடு பதிவான பாட்டை, நிர்ணயித்த தொகையைக் கட்டிவிட்டு யாரும் பதிவு செய்யலாம் என்று வைத்தார்கள். அந்த வழி இன்றும் இருக்கிறது. ஆனால் அது அமெரிக்காவுக்கு மட்டும், ஒலிக்கு மட்டும். படத்தோடு சேர்த்து ஏற்றும் வீடியோவுக்கு அது செல்லாது. அதற்கு உரிமையாளரிடம் தனியாகப் பேச வேண்டும். மெட்டின் அடிப்படையை மாற்றவும் அந்த வழி இடம் தராது.

நம் பாட்டுகள் பிறக்கிற இந்தியாவிலும் பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்துக்குப் பிறகு, கவர் பதிவுக்கு வழிவிடுகிற 31சி என்று ஒரு பிரிவு உண்டு. மூலப் பதிவு எடுத்த ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டு கழிய வேண்டும். முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும், அட்டைப்படத்தைக் காட்ட வேண்டும், கவர் என்று தெளிவாக எழுத வேண்டும். ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிக்கான ராயல்டியை முன்கூட்டியே கட்ட வேண்டும். கேசட் காலத்துக் கம்பெனிகளை மனதில் வைத்து எழுதிய சட்டம் என்பது படித்தாலே தெரிகிறது. கடைவீட்டு மாடியில் பாடுகிற பிள்ளைக்கு இது எதற்கு ஆகும்?

மலேசியாவில் நமக்கு உள்ளது 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம். நகலெடுப்பது, பொதுவில் பாடுவது, பொதுமக்களுக்கு அனுப்புவது எல்லாம் உரிமையாளர் கையில். வழக்கென்று போனால் ஒரு படைப்புக்கு 25,000 வெள்ளி (ரிங்கிட்) வரை நீதிமன்றம் இழப்பீடு விதிக்கலாம். இதைச் சொன்னதும் முகம் வெளுத்துவிடுவார்கள். ஒரு கவர் பாட்டுக்காக எங்கள் ஊரில் யாரையும் கோர்ட்டுக்கு இழுத்து நான் பார்த்ததில்லை. நடப்பதெல்லாம் வீடியோ காணாமல் போவதும், ஃபேஸ்புக் நேரலையில் பாதியில் சத்தம் செத்துப்போவதும்தான்.

நேரலை என்றதும் கோயில் ஞாபகம் வருகிறது. லாப நோக்கில்லாத அமைப்பு, அறப்பணிக்காகவோ கல்விக்காகவோ, நுழைவுக் கட்டணம் வாங்காமல் நடத்துகிற நிகழ்ச்சிக்கு நம் சட்டம் விலக்குத் தருகிறது. கோயில் மண்டபத்தில் இலவசமாகப் பாடுவதற்கு அந்த விலக்கைக் காட்டலாம். கோயில் தலைவரின் மருமகன் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்து அதையே உலகத்துக்கு ஒளிபரப்பினால், அது மண்டபத்துக்குள் நடக்கிற காரியம் இல்லை. டிக்கெட் போட்டு மண்டபம் எடுத்து நடத்துகிற இன்னிசை இரவுக்கு எம்.ஏ.சி.பி. போன்ற அமைப்புகளிடம் உரிமம் எடுக்க வேண்டும். 1989இலிருந்து பாட்டு எழுதினவர்களுக்கும் மெட்டுப் போட்டவர்களுக்குமாக வசூல் செய்கிற அமைப்பு அது. உரிமம் எடுப்பது ஏற்பாட்டாளர் வேலை, பாடுகிறவன் வேலை இல்லை.

2017இல் இளையராஜா தரப்பிலிருந்து எஸ்.பி.பி.க்கு வக்கீல் நோட்டீஸ் போனபோது இங்கே மாமாக் கடையில் நடந்த சண்டையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தே தாரே ஆறிப்போகிற வரைக்கும் நடந்தது. அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் இருந்தார் எஸ்.பி.பி. ராஜாவின் பாட்டுகளை இனி மேடையில் பாடுவதில்லை என்று ஃபேஸ்புக்கில் எழுதிவிட்டார். “பாடினவருக்கே பாட உரிமை இல்லியா?” என்று ஒரு கட்சி. “போட்டவருக்குக் காசு வேணாமா?” என்று இன்னொரு கட்சி. பிறகு அவர்கள் இருவரும் ராசியாகி ஒரே மேடையில் நின்றார்கள். எங்கள் ஆட்கள் இன்னும் ராசியாகவில்லை. என் கணக்கில் அன்றைக்கு இரண்டு கட்சியும் ஒரு ஆளை விட்டுவிட்டார்கள்: டிக்கெட் விற்றவர். பாடகரின் அன்பையும் இசையமைப்பாளரின் கோபத்தையும் பேசினோமே தவிர, மண்டபத்தில் வசூலான பணத்தில் மெட்டுக்குரிய பங்கு எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

பழைய பாட்டு என்றால் இலவசம் என்ற நம்பிக்கையும் பலமாக இருக்கிறது. பாரதியின் வரிகள் எல்லோருக்கும் சொந்தம். 1949இல் சென்னை அரசு உரிமையை வாங்கி, பிற்பாடு மக்களுக்குக் கொடுத்துவிட்டது. ஆனால் அதே வரிக்குச் சினிமாவில் பிற்பாடு போட்ட மெட்டு பாரதியுடையது இல்லை. வரியை எடுத்துச் சொந்த மெட்டில் பாடுங்கள், ஒருவரும் கேட்க மாட்டார்கள். கண்ணதாசன் மறைந்தது 1981இல். நம் நாட்டுக் கணக்குப்படி எழுதியவர் மறைந்த ஆண்டு முடிந்து 50 ஆண்டு, ஆக 2031 கடைசி வரைக்கும் உரிமை உண்டு. இந்தியாவில் 60 ஆண்டு, 2041 வரைக்கும். கண்ணதாசன் வரிக்கு எம்.எஸ்.வி. மெட்டு என்றால், எம்.எஸ்.வி. மறைந்தது 2015இல், மெட்டுக்கு மலேசியாவில் 2065 வரை. இதை ஒரு பெரியவரிடம் சொன்னேன். “அப்ப நான் போனப்புறம் பாடிக்கிறேன் போ” என்றார்.

இதையெல்லாம்விட என்னை யோசிக்க வைத்தது உறுமி மேளம்தான். எங்கள் பக்கத்தில் உறுமிக் குழு இல்லாமல் திருவிழா இல்லை, சாவு வீடும் இல்லை. ஒரு குழுவின் மாஸ்டர் ஆல்பம் எடுக்க வந்தார். முதல் பாட்டே அம்மன் பாட்டு, மெட்டு அப்படியே ஒரு சினிமாக் குத்துப் பாட்டு. கேட்டால், “வரி நம்ம வரிதானே தம்பி” என்றார். கவர் என்றால் இருப்பதை இருக்கிறபடி பாடுவது. வரியை மாற்றினால் அது தழுவல். கவருக்கு இருக்கிற அரைகுறை வழிகள்கூட அதற்கு இல்லை, உரிமையாளரிடம் நேராகப் போய்க் கேட்க வேண்டும். நம் நாட்டிலிருந்து கிளம்பி உலகத் தமிழர் காதுக்குப் போன ராப் பாட்டு, 2006இல் யோகி பி குழுவினர் போட்ட ‘மடை திறந்து’, இளையராஜா மெட்டின் மேல் கட்டியதுதான். புதுப் படைப்பாக நின்றது, எனக்குப் பிடித்ததும் கூட. ஆனாலும் அந்த மாதிரிக் காரியத்தைக் கவர் என்ற பெயரில் பின்வாசல் வழியாக ஏற்ற முடியாது.

இதை விளக்கிக்கொண்டு இருந்தேன். மாஸ்டர் பொறுமையாகக் கேட்டார். பிறகு உறுமியை மடியில் வைத்து ஒரு நடையை வாசித்துக் காட்டினார். குச்சி தோலில் இழுபடுகிற அந்த முனகல், நடுவில் ஒரு தாங்கல். “இது எங்க தாத்தா தோட்டத்துல வாசிச்சது. போன வருசம் ஒரு படத்துல வந்துச்சு. எனக்கு யாரு காசு குடுத்தா?” என்றார்.

என்னிடம் பதில் இல்லை. யார் போட்டது என்று பெயர் இல்லாத, தலைமுறையாக வருகிற தாளத்துக்கும் மெட்டுக்கும் இந்தச் சட்டத்தில் சொந்தக்காரர் கிடையாது; எவரும் எடுக்கலாம், எடுத்தவர் அதன் மேல் செய்த வேலைக்கு அவர் உரிமை கொண்டாடலாம். கீழேயிருந்து மேலே போகிறபோது நாட்டுப்புறம், மேலேயிருந்து கீழே வருகிறபோது பதிப்புரிமை. அவர் கேட்டது சட்டத்துக்குள் அடங்காத கேள்வி. அதற்காக அந்தச் சினிமா மெட்டு அவருடையது ஆகிவிடாது என்பதையும் சொன்னேன். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருப்பதுதான் சங்கடம்.

கடைசியில் ஒரு வழிக்கு வந்தோம். அவர் குழுவில் இருக்கிற ஒரு பையன் நன்றாக மெட்டுப் போடுகிறான், மாஸ்டரே வரி எழுதுகிறார். சினிமா மெட்டுகளை எடுத்துவிட்டு முழுக்கச் சொந்தப் பாட்டாகச் செய்யலாம் என்று சம்மதித்தார். ஒரு படைப்பு உருவான அன்றே உரிமை வந்துவிடுகிறது, பதிவு செய்தால்தான் என்றில்லை. ஆனாலும் மைஐபிஓ எனப்படும் நம் நாட்டு அறிவுசார் சொத்துரிமைக் கழகத்தில் தானாக முன்வந்து அறிவிக்கிற வசதி 2012இலிருந்து இருக்கிறது. நாளைக்குச் சண்டை வந்தால் கையில் ஒரு சான்றாக இருக்கும். எம்.ஏ.சி.பி.யில் எழுத்தாளராகச் சேர்வதற்கான பாரத்தையும் எடுத்துக் கொடுத்தேன். நம் பாட்டு வானொலியில் போனால் நமக்கும் வரவேண்டிய காசு இருக்கிறது, கேட்காததால்தான் வருவதில்லை என்றேன். மாஸ்டர் நம்பவில்லை, ஆனால் பாரத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

பாட்டுகள் தயாராகிவிட்டன. எந்தப் பாட்டில் வரி யார், மெட்டு யார், எத்தனை சதவீதம் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்காமல் ஏற்றுவதில்லை என்று நான் பிடிவாதமாக இருக்கிறேன். அங்கேதான் இப்போது நிற்கிறது. எழுதினது இரண்டு பேர். வாசிக்கிற மற்றவர்கள், “நடையே நாங்க போட்டதுதான், இது இல்லாம என்ன மெட்டு?” என்கிறார்கள். பெரிய உறுமிக்காரர் பத்து சதவீதம் கேட்கிறார், மெட்டுப் போட்ட பையன் ஐந்துக்கு மேல் தரமாட்டேன் என்கிறான், மாஸ்டர் வரி எழுதினவருக்குப் பாதி என்று கணக்கை அங்கேயே தொடங்குகிறார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பட்டறை மூடியிருக்கும்போது எல்லோரையும் மாடிக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.